கீழ்ப் பள்ளத்து மரவட்டை

நம் சேகரிப்பு அறையில், மரவட்டைகள் இருக்கும் அலமாரியின் மேல்தட்டில் ஒரு சின்னப் புட்டி இருக்கிறது. அதற்குள் ஆல்கஹாலில் மூழ்கிய மரவட்டைகள் மூன்று, சீட்டுகள் இரண்டு. ஒரு சீட்டில் என் கையெழுத்தில் ஓர் இடத்தின் பெயர் எழுதி, குறுக்கே கோடு கிழித்திருக்கும். மற்றதில் வேறோர் இடத்தின் பெயர். அந்தப் பழைய சீட்டைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். போடாதீர்கள். அந்தக் கோடு எப்படி விழுந்தது என்று சொல்கிறேன். ஓய்வு பெற்றவளைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னால் நல்லதாக நாலு வெற்றிகளைச் சொல்வாள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். எனக்கு இதுதான் சொல்லத் தோன்றுகிறது.

கேமரன் மலையில், கம்போங் ராஜாவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு மரவட்டை சேகரிக்கப் போயிருந்தேன். எனக்கு வழி காட்ட மேனேஜர் ஓர் ஆளை அனுப்பினார். பெயர் செல்லையா. ஐம்பத்தைந்து வயது இருக்கும், ஒல்லியான ஆள். மருந்தடிக்கும் ஆட்களுக்கு அவர்தான் மண்டோர், மேற்பார்வை பார்ப்பவர். எந்த மருந்தை எவ்வளவு தண்ணீரில் கலக்க வேண்டும் என்று அளந்து கொடுப்பது அவர் பொறுப்பு. பல்கலைக்கழகத்தில் இருந்து வந்தவள் என்பதால் என்னை டீச்சர் என்றே கூப்பிட்டார். நான் அண்ணன் என்றேன்.

காலையில் மேல் பள்ளத்துக்குப் போனோம். தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடம். மரமெல்லாம் பாசி, கால் வைத்தால் பஞ்சு மாதிரி அமுங்கும் மண், தலைக்கு மேலே மேகம். இந்த மாதிரி இடத்துக்காகத்தான் நான் அவ்வளவு தூரம் போனேன். மதியம் செல்லையா அண்ணன் கீழ்ப் பள்ளத்துக்குக் கூப்பிட்டார். அது மூடிக்கிடக்கும் பழைய பேக்டரிக்குப் பின்னால் இருந்தது. பல வருடங்களாகத் தேயிலைக் குச்சிக் கழிவும் பாய்லர் சாம்பலும் கொட்டி மேடாகிப் போயிருந்தது. ஓடைக்கரையில் சில பெரிய மரங்கள், கிழிந்த பிளாஸ்டிக் பைகள். எனக்கு இறங்கவே மனமில்லை. அங்கே தேயிலை இல்லாததால் மருந்தே அடிப்பதில்லை, பூச்சியெல்லாம் அங்கேதான் இருக்கும் என்றார். மரியாதைக்காக இறங்கினேன்.

அப்போது மழை பிடித்துக்கொண்டது. கட்டை கட்டையாகப் புரட்டி, கிடைத்ததைப் புட்டிகளில் போட்டுப் பைக்குள் திணித்தோம். புட்டிக்குள் அங்கேயே சீட்டு எழுதிப் போட வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. மழையில் நின்று பென்சிலை எடுக்கச் சோம்பல். பிரிஞ்சாங்கில் தங்கியிருந்த இடத்துக்கு வந்து, உடை மாற்றி, சூடாகத் தேநீர் குடித்துவிட்டு, ஒவ்வொரு புட்டியாக எடுத்து ஞாபகத்தில் இருந்து எழுதினேன். எது எங்கே எடுத்தது என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இருக்கவில்லை.

அந்தப் புட்டிகளில் ஒன்றில் சாம்பல் நிறத்தில், முதுகு தட்டையாக, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமான மரவட்டைகள் மூன்று இருந்தன. இரண்டு பெண், ஒன்று வளர்ந்த ஆண். வளர்ந்த ஆண் ஏன் முக்கியம் என்று உங்களுக்குத் தெரியும். இந்த வகையில் ஏழாவது வளையத்தில் ஒரு ஜோடிக் கால் இனச்சேர்க்கைக்காக உருமாறியிருக்கும். அதன் அமைப்பைப் பார்த்துத்தான் இன்னது என்று உறுதியாகச் சொல்ல முடியும். பெண்ணையும் குட்டியையும் வைத்து ஊகிக்கலாம், சத்தியம் செய்ய முடியாது. அந்த ஆணின் உறுப்பை நான் தெரிந்த எல்லாவற்றோடும் ஒப்பிட்டேன். மாதக்கணக்கில் பார்த்தேன். எந்தச் சிற்றினத்தோடும் பொருந்தவில்லை, எந்தப் பேரினத்திலும் அடங்கவில்லை. புதிய சிற்றினங்களுக்கு நான் முன்பே பெயர் வைத்திருக்கிறேன். புதிய பேரினம் ஓர் ஆயுளில் ஒருமுறை வந்தால் பெரிது. அது உறுதியான அன்று மைக்ராஸ்கோப்பை அணைக்க மறந்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஒரே ஓர் ஆண் போதாது, இன்னும் கிடைக்குமா பார்க்கலாம் என்று மறுபடியும் மலைக்குப் போனோம். இந்த முறை எங்கள் துறைத் தலைவரும் வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர், அதிகம் பேசாதவர், இந்தப் பேரினத்தை அறிவிக்கும் கட்டுரையில் அவர் பெயரும் இருந்தது. சீட்டில் எழுதியிருந்தபடி மேல் பள்ளத்தில் இரண்டு நாள் தேடினோம். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. முதல் நாளே செல்லையா அண்ணன், இந்த இடம் இல்லையே என்று சொல்லிப் பார்த்தார். நான் காதில் வாங்கவில்லை. இரண்டாம் நாள் மதியம் நேராகவே சொன்னார்.

“டீச்சர், இது இங்க எடுத்தது இல்ல. கீழ்ப் பள்ளத்துல, குச்சி கொட்டியிருக்கில்ல, அதுக்கு அடியில. நான்தான் எடுத்து உங்க கையில குடுத்தேன். கேக் வாசம் அடிக்குதுன்னுகூடச் சொன்னேன்லா.”

அந்த மரவட்டைகள் தொட்டால் பாதாம் வாசனை அடிக்கும். அதைத்தான் அவர் கேக் வாசம் என்றார். அவர் அதைச் சொன்னது எனக்கும் ஞாபகம் இருந்தது. ஆனால் எங்கே நின்று சொன்னார் என்பது நினைவில் இல்லை. சீட்டில் மேல் பள்ளம் என்று இருந்தது. அதைவிட, புதிய பேரினம் ஒன்று குப்பைமேட்டில் கிடைக்கும் என்று என் மனம் ஒப்பவில்லை. பாசிக் காட்டில்தான் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் சிரித்துக்கொண்டே, “அண்ணனுக்கு ஞாபகம் கொஞ்சம் குழம்பிடுச்சு” என்று அவரிடம் சொன்னேன். கிராணியும் சிரித்தார். செல்லையா அண்ணன் குனிந்து அடுத்த கட்டையைப் புரட்டினார்.

அந்தச் சிரிப்பு அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

கட்டுரையை ஜர்னல் ஏற்றுக்கொண்டது. இந்த உயிரி உலகத்தில் வேறெங்கும் பார்க்கப்படாதது, மேல் பள்ளத்தை வெட்டாமல் விட வேண்டும் என்று மேனேஜருக்கு எழுதினேன். அவரும் சம்மதித்தார். அச்சுக்குப் போகும் முன் கடைசியாகப் பார்த்துத் தரச் சொல்லிப் பக்கங்கள் வந்தன. தோட்டத்தில் ஒரு சின்ன விழா, பத்திரிகைக்காரர்கள் என்றெல்லாம் பேச்சு நடந்தது.

ஒரு வியாழக்கிழமை காலை. படம் ஒன்றைச் சரிபார்க்க அந்த ஆண் மரவட்டையை எடுத்தேன். புட்டியின் அடியில் தங்கியிருந்த வண்டலும் சேர்ந்து தட்டில் விழுந்தது. தூக்கிக் கொட்டுவதற்கு முன்னால் ஏதோ தோன்றி லென்ஸுக்கு அடியில் வைத்தேன். செம்பழுப்பில் நார்கள், ஒரே அளவில் நறுக்கிய காம்புத் துண்டுகள். தேயிலைக் குச்சி. கூடவே ஓட்டை ஓட்டையாகக் கருகிய சாம்பல் கட்டி.

மேல் பள்ளம் பேக்டரிக்கு வெகு உயரத்தில் இருக்கிறது. அங்கே தேயிலைக் குச்சி பறந்து போக வழியில்லை. புட்டியே அழுக்காக இருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பிறகு, முதல் பயணத்தில் அதே நாள் எடுத்து, கீழ்ப் பள்ளம் என்று நான் எழுதிய புட்டியைத் திறந்தேன். அதன் அடியில் வெறும் பாசி.

இரண்டு சீட்டையும் மாற்றிப் போட்டிருக்கிறேன்.

உங்களிடம் மறைக்கப் போவதில்லை. தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கழுவு தொட்டி வரைக்கும் போனேன். குழாயைத் திறந்தால் போதும். அந்த வண்டலை உலகத்தில் வேறு யாரும் பார்க்கப் போவதில்லை. பேரினம் புதியது என்பதில் எந்த மாற்றமும் இல்லை. இடம்தானே, ஒரே தோட்டம்தானே, இரண்டு கிலோமீட்டர்தானே. இப்படி எத்தனை ‘தானே’ சொன்னேன் என்று தெரியவில்லை. குழாயில் கை வைத்தபோதுதான், குனிந்து கட்டையைப் புரட்டிய அந்த முதுகு கண்ணில் வந்தது. தட்டைத் திரும்பக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன்.

துறைத் தலைவரின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். பக்கங்களை நிறுத்தினால் விழா நிற்கும், அவர் மேலிடத்துக்குக் கொடுத்த வாக்கும் பொய்த்துப்போகும். அவர் கேட்டார்:

“செல்லையாவுக்குச் சொல்லிட்டீங்களா?”

இல்லை என்றேன்.

“முதல்ல அவருக்குச் சொல்லுங்க. ஜர்னலுக்கு நான் எழுதுறேன்.”

அவ்வளவுதான். கோபித்துக்கொள்ளவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. யாரிடம் முதலில் போக வேண்டும் என்று காட்டினார். அதுவரை மேனேஜர், ஜர்னல், விழா என்று நான் போட்டுக்கொண்டிருந்த வரிசையில் செல்லையா அண்ணன் இல்லவே இல்லை.

போன் செய்தேன். எடுத்தது அவர் மனைவி பாக்கியம். அவர் புல் வெட்டப் போயிருக்கிறார் என்றார். மண்டோர் ஏன் புல் வெட்டுகிறார் என்று கேட்டேன். பாக்கியம் தயங்கித் தயங்கிச் சொன்னார். நாங்கள் வந்துபோன பிறகு கிராணி மேனேஜரிடம் பேசியிருக்கிறார். ஞாபகம் தடுமாறுகிற ஆளிடம் விஷ மருந்து அளக்கிற வேலையைக் கொடுக்கலாமா என்று கேள்வி வந்திருக்கிறது. நியாயமான கேள்விதான். அந்த வாரமே அவரை மாற்றிவிட்டார்கள்.

“அவரு யாரையும் ஒண்ணும் சொல்லல, டீச்சர். ஆனா தினம் காலையில கேலண்டர் முன்னால நின்னுக்கிட்டு தேதி, கிழமை எல்லாம் வாய்விட்டு சொல்லிப் பாக்குறாரு. மருந்து கணக்கையும் ஒப்பிக்கிறாரு. உண்மையிலயே மறந்து போவுதான்னு அவருக்கே பயம் வந்துடுச்சு.”

தப்பு என்னுடையது, அவர் சொன்ன கீழ்ப் பள்ளம்தான் சரி என்று ஒருவழியாகச் சொன்னேன். பாக்கியம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “கீழ்ப் பள்ளமா? அங்கதான் மெஷின் வந்து நிக்குதே” என்றார். புதிய நாற்றுமேடைக்காக அந்த இடத்தைச் சமப்படுத்தப் போகிறார்கள். நாளைக் காலையில் வேலை ஆரம்பம்.

மேனேஜருக்கு மூன்று முறை போன் அடித்தேன், கிடைக்கவில்லை. அன்று மதியமே காரை எடுத்துக்கொண்டு சிம்பாங் பூலாய் வழியாக ஏறினேன். சாயங்காலம் கம்போங் ராஜாவில் அறை எடுத்தேன். மறுநாள் காலைப் பெரட்டுக்கு, ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் நேரத்துக்கு, தோட்டத்தில் நின்றேன். மேனேஜர் அங்கே இருந்தார். எல்லார் முன்னாலும் பேச இரண்டு நிமிடம் கேட்டேன். தனியாக அறையில் சொல்லலாமே என்றார். நான் சிரித்தது அறைக்குள் இல்லையே. அவரிடம் அதை விளக்கவில்லை, இங்கேதான் பேச வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

வரிசையில் பங்களாதேஷ், நேப்பாள ஆட்கள்தான் அதிகம். தமிழர்கள் ஓரமாக ஒரு கூட்டம். அதனால் முதலில் மலாயில் சொன்னேன், பிறகு தமிழில் சொன்னேன்.

“நான் புட்டியில தப்பா எழுதிட்டேன். செல்லையா அண்ணன் ரெண்டு தடவ சரியாச் சொன்னாரு. நான் கேக்கல. அவருக்கு ஞாபகம் குழம்பல, குழம்புனது எனக்கு.”

கிராணி, ஆட்களின் வருகையைக் குறிக்கும் செக்ரோல் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். செல்லையா அண்ணன் கடைசி வரிசையில் தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். என் பக்கம் திரும்பவில்லை.

மேனேஜருக்குக் கோபம். இருக்காதா? மேலே விடச் சொன்னாய், விட்டேன். இப்போது கீழே என்கிறாய், நாளைக்கு எங்கே என்றார். மெஷினைப் பகல் பன்னிரண்டு வரை நிறுத்துகிறேன், அதற்குள் அந்தப் பூச்சியை என் கண்ணில் காட்டு என்றார்.

நானும் செல்லையா அண்ணனும் இறங்கினோம். மெஷின் டிரைவர் மேலே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அண்ணன் கட்டையைப் புரட்டியபடியே, “தேடுவோம், டீச்சர். மழை வர்றதுக்குள்ள” என்றார். மேட்டைக் கையாலேயே கிளறினோம். பதினொரு மணி வாக்கில் ஒரு பெண் கிடைத்தது. பிறகு குட்டிகள் இரண்டு. ஆண் கிடைக்கவில்லை.

பன்னிரண்டுக்கு மேனேஜர் வந்தார். என் உள்ளங்கையைப் பார்த்து, இதுதானா என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நிறம், வடிவம், வாசனை எல்லாம் அதேதான். என் மனசுக்கு அதுதான் என்று தெரியும். ஆனால் இதே மனசுதான் மேல் பள்ளம் என்றும் சொன்னது. நான் சொன்னேன்: அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் வளர்ந்த ஆண் இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது. பக்கத்தில் நின்ற செல்லையா அண்ணன் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். காரியம் கெட்டது என்று நினைத்திருப்பார்.

மேனேஜர் அந்த ஈரக் குப்பையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தார். போன தடவை நூற்றுக்கு நூறு என்றாய், அது தப்பாகப் போனது. இந்தத் தடவை தெரியவில்லை என்கிறாய், இதை நம்புகிறேன் என்றார். பத்து நாள் கொடுத்தார்.

எனக்கு வகுப்புகள் இருந்ததால் ஞாயிற்றுக்கிழமை மலையிலிருந்து இறங்கிவிட்டேன். செல்லையா அண்ணன் தினமும் வேலை முடிந்து தேடினார். எட்டாம் நாள் மதியம் வாட்ஸ்அப்பில் ஒரு மைலோ டின்னின் படம் வந்தது. உள்ளே ஈரச் சருகு. பின்னாலேயே அவர் குரல்: “டீச்சர், ரெண்டு இருக்கு. ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கு. பிரிக்காம அப்படியே வச்சிருக்கேன். வாங்க.”

மறுநாள் காலை அவர் வீட்டுச் சமையலறை மேசையில், பாக்கியம் டார்ச் பிடிக்க, கைலென்ஸை வைத்துப் பார்த்தேன். ஏழாவது வளையம். அதே வளைவு, அதே மூன்று முள். நிமிர்ந்து தலையாட்டினேன். செல்லையா அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு லென்ஸை வாங்கி அவரும் பார்த்தார், ரொம்ப நேரம்.

முழுப் பள்ளமும் தப்பவில்லை. மேல்பக்கத்தைச் சமப்படுத்தி நாற்றுமேடை போட்டார்கள். ஓடைக்கரையும் மரங்களும் குச்சி மேடும் நின்றன. மேல் பள்ளத்தை விட்டுக்கொடுத்ததில் தனக்கு ஒரு நஷ்டமும் இல்லை, அது மெஷின் ஏற முடியாத செங்குத்து என்று மேனேஜர் பின்னால் ஒருநாள் சொன்னார். கீழ்ப் பள்ளம்தான் அவருக்கு உண்மையான இழப்பு. அதை அவர் ஏற்றுக்கொண்டார்.

செல்லையா அண்ணனுக்கு மண்டோர் வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் கேலண்டர் முன்னால் நின்று தேதி சொல்லிப் பார்க்கும் பழக்கம் போகவே இல்லை என்று பாக்கியம் சொல்வார். நான் போகிற போக்கில் சொன்ன ஒரு வரி. ஜர்னலுக்கு அனுப்பிய தப்பைத் திருத்தலாம், புட்டியில் கோடு கிழிக்கலாம். ஒரு மனிதர் தன்னையே சந்தேகப்படும்படி செய்துவிட்டால் அதை எந்தச் சீட்டை எழுதித் திருத்துவது? மழையில் நனைந்தாலும் அங்கேயே எழுதுங்கள் என்று உங்களுக்கு எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன். ஆனால் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான்: கட்டையைப் புரட்டியவர் ஒன்று சொல்லி, உங்கள் சீட்டு வேறொன்று சொன்னால், முதலில் சீட்டைச் சந்தேகப்படுங்கள்.

கட்டுரையைத் திருத்தி அனுப்பும் முன், சிற்றினத்துக்கு அவர் பெயரை வைக்கலாமா என்று துறைத் தலைவர் கேட்டார். எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. அனுமதி கேட்க நேரில் போனேன். பூச்சிக்குத் தன் பெயரா என்று அவர் கூச்சப்பட்டார், பாக்கியம் சிரித்தார். பெயரை எப்படி எழுதுவது என்று பார்க்க அவருடைய ஐசியை, அடையாள அட்டையைக் கேட்டேன். அதில் ‘செலியா’ என்று இருந்தது. சின்ன வயதில் பதிவு செய்த குமாஸ்தா போட்ட தப்பாம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சம்பளச் சீட்டு, கல்யாணப் பதிவு எல்லாவற்றிலும் செலியாவாகவே இருந்திருக்கிறார். மாற்ற இரண்டு முறை அலைந்து பார்த்து விட்டுவிட்டாராம்.

எதைப் போட வேண்டும் என்று அவரையே கேட்டேன். எங்கள் துறையில் ஒரு விதி உண்டு, முதலில் எப்படி அச்சாகிறதோ பெரும்பாலும் அப்படியேதான் நிற்கும், பிடிக்கவில்லை என்று பின்னால் மாற்ற முடியாது என்றும் சொன்னேன்.

“யாராலும் மாத்த முடியாதா?”

“முடியாது, அண்ணே.”

“ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு யாராச்சும்?”

“அவங்களாலயும் முடியாது.”

அவர் சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்து, என் குறிப்பேட்டை வாங்கி, ஆங்கிலத்தில் ஒவ்வோர் எழுத்தாக அழுத்தி எழுதினார்.

“எங்கப்பா வச்ச பேரு செல்லையா. ரெண்டு எல் போடுங்க.”

அதற்குக் கீழே நான் லத்தீன் முறைப்படி முழுப்பெயரை எழுதினேன். அவர் நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, விரல் வைத்து, தான் எழுதியதோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிட்டுப் பார்த்தார். நான் காத்திருந்தேன்.

“சரியா இருக்கு” என்றார்.